கடலோர அடுக்களை: இடித்துவிட்டு மாடுலரா, கடப்பாவுக்குப் புதுக் கதவா?

கீழக்கரை, உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி பக்கம் இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளின் அடுக்களை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். கடப்பாக்கல் மேடை. அதன் கீழே செங்கல் குறுக்குச் சுவர் எழுப்பி, கடப்பாப் பலகை சொருகிய தட்டுகள். தட்டுகளை மறைக்கக் கம்பியில் தொங்கும் துணித்திரை. மேடைக்கு மேல் நாலடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். அதன் இடுக்கெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போயிருக்கும். மேலே சிமெண்டு பரண், நடுவில் ஒற்றை டியூப்லைட். பாத்திரம் நன்றாக இருக்கும், சமையல் நன்றாக இருக்கும், பார்க்க மட்டும் இருண்டு கிடக்கும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது. ஒன்று, எதையும் கழற்றாமல் பெயிண்ட், டைல்ஸ் இடுக்கு, வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் மாற்றுவது. இரண்டாவது, கடப்பாத் தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் சட்டம் அடித்துக் கதவு போட்டு, மேடைக்கல்லையும் சுவர் டைல்ஸையும் புதிதாக்குவது. மூன்றாவது, மொத்தத்தையும் இடித்து மாடுலர், அதாவது பட்டறையில் செய்து கொண்டுவந்து பூட்டும் ஆயத்தப் பெட்டிகள், வைப்பது. சுவரில் ஈரம் இல்லாவிட்டால் முதல் வழிக்கு ஒரு வாரம் போதும். இரண்டாவதற்கு மூன்று நாலு வாரம். மூன்றாவதற்கு அதற்கு மேலும் ஆகும். செலவும் இரண்டாவதைப்போல இரண்டு மூன்று மடங்குக்குப் போய்விடும்.

பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது எங்கள் கணிப்பு. மதுரை ஷோரூமில் மாடுலர் பளபளவென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஷோரூமுக்குக் கடல் காற்று வருவதில்லை. உப்புக்காற்றுக்கும் உவர்த் தண்ணீருக்கும் முப்பது வருடம் தாக்குப்பிடித்த ஒரே பொருள் அந்த அடுக்களையில் ஏற்கெனவே இருக்கிறது: நாம் அழகில்லை என்று இடிக்க நினைக்கிற கடப்பாத் தட்டு. அது ஊறாது, கரையான் ஏறாது, துருப்பிடிக்காது. அதன் குறை முகத்தில்தான்.

முதலில் சுவர்

எந்த வழியில் போவதானாலும் முதலில் பார்க்கவேண்டியது சுவரும் பரணும். கீழ்ச்சுவரில் பெயிண்ட் கொப்பளித்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும். தரை ஈரம் செங்கல் வழியே மேலேறி, பூச்சில் காய்ந்து, தான் சுமந்து வந்த உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால், கட்டும்போது அதையே ஊற்றிக் குழைத்த வீடுகளில் சுவருக்குள்ளேயே உப்பு குடியிருக்கும்.

இதன் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த கார்த்திகைக்குள் உரிந்துவிடும். டைல்ஸ் ஒட்டினால் உடனே தெரியாது. ஒன்றிரண்டு வருடத்தில் பொள்ளல் விட்டுத் தட்டினால் 'டொக் டொக்' என்று ஓசை வரும். சந்தேகமாக இருந்தால், இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது அறையின் ஆவி. எக்ஸாஸ்ட் சரியில்லை என்று பொருள்.

ஈரமான சுவரில், கறை தெரியும் கோட்டுக்கு ஒன்றரையடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுக்கவேண்டும். செங்கல் இடுக்கை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி அள்ளுங்கள். கழுவக்கூடாது; தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்பவும் செங்கலுக்குள் போகும். மூன்று வாரமாவது காயவிட்டு, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் பூசச் சொல்லுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊரென்றால் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கொத்தனார் "ரெண்டு நாள் வேலைக்கு இவ்வளவா" என்று சலித்துக்கொள்வார், பரவாயில்லை. பங்குனி முதல் ஆனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பித்தால் பூச்சு காயவே காயாது.

பரணின் அடிப்பக்கத்தைச் சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. பழைய வீடுகளில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்! பொள்ளலான இடத்தை உடைத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த மோர்ட்டாரால் அடைக்கவேண்டும். வெறும் சிமெண்டு பூசி மூடினால் அதே துண்டு ஒருநாள் அடுப்பின் மேலேயே விழும். பரண் இப்படி இருக்கும் வீட்டில் அதன் அடியில் மாடுலர் மேல்பெட்டிகளைத் தொங்கவிடுவது தற்கொலைக்குச் சமம்.

கதவு எதில் போடுவது

கடைக்காரர் முதலில் காட்டுவது மரைன் பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகை நல்ல பலகைதான். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அதன் பசை விடக்கூடாது என்பது சோதனை விதி. ஐ.எஸ். 303-இல் வரும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகைக்கு எட்டு மணி நேரம்தான். இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவர்கள் உண்டு, முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பெயரில் 'மரைன்' இருப்பதால் கடற்கரைக்கு இதுதான் என்று நினைக்கவேண்டாம். உப்புக்காற்று பலகையை ஒன்றும் செய்வதில்லை. அதில் பூட்டிய கீலையும் திருகையும்தான் தின்கிறது. கீல் உட்காரக் கதவின் பின்னால் 35 மில்லிமீட்டர் குழி எடுப்பார்கள். குழியின் உள்பக்கம் பூச்சில்லாத வெறும் மரம். அங்கே வார்னிஷோ பசையோ ஒரு கோட் தடவாமல் கீலை அழுத்திவிட்டால், துருவும் ஈரமும் சேர்ந்து முதலில் அந்த இடம் பொதுபொதுக்கும், கதவு தொங்கும்.

மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டையும் இங்கே யோசிக்கவே வேண்டாம். மீன் கழுவும் சிங்க்குக்குக் கீழே ஒரு மழைக்காலம் இருந்தால் விளிம்பு ஊறி, நனைந்த ரஸ்க் மாதிரி உப்பிவிடும்.

பி.வி.சி. போர்டுக்கு ஈரம், கரையான் இரண்டும் பயமில்லை. அதன் பலவீனம் வேறு: திருகு பிடிப்பு குறைவு, சூடு ஆகாது. அடுப்புக்கு நேர் கீழே உள்ள கதவு சில வருடத்தில் வில்லாக வளையும். கனமான பாத்திரம் வைக்கும் இழுப்பறைக்கு வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால் 18 மி.மீ. கனத்தில், கதவின் அகலம் 15 அங்குலத்துக்கு மேல் போகாமல், கீலைத் திருகால் பிடிக்காமல் நட்டு போல்ட்டால் இறுக்கிப் போடுங்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. போர்டில் திருகு பிடிப்பு கொஞ்சம் மேல், எடையும் கூட.

304 தர எவர்சில்வர் ஸ்டீல் பெட்டிகள் எல்லாவற்றிலும் உறுதி, விலையும் அப்படியே. அதிலும் ஒரு சங்கதி: கடலுக்கு அருகில் 304-இன் மேலேயே டீ சிந்தியதுபோல் பழுப்புக் கறை படியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போகும். கம்பி நாரால் தேய்த்தால், நாரின் துகள் ஒட்டி நின்று அதுவும் துருப்பிடிக்கும். 202 ஸ்டீலில் நிக்கல் குறைவு, இங்கே சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரித்தறிய முடியாது, இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது அலுமினியச் சட்டம், அதற்குள் ஏ.சி.பி. தாள் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) வைத்த கதவு. பழைய கடப்பாத் தட்டுக்கு எங்கள் தேர்வு இதுதான். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. நாளைக்கு ஒரு கதவு கெட்டால் அந்த ஒரு கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மதுரையிலிருந்து ஆள் வரக் காத்திருக்கவேண்டாம். சட்டக் குழாயின் சுவர்க்கனம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வெட்டிய முனையை விரலால் அழுத்தினால் நெளிந்தால் வேண்டாம். அனோடைஸ் செய்ததோ பவுடர் கோட்டிங்கோ எதுவானாலும் வெட்டிய முனைகளில் பூச்சு இருக்காது. அங்கே பிளாஸ்டிக் மூடி போடச் சொல்லுங்கள். ஏ.சி.பி. தாளைக் கதவுக்கு மட்டும் வையுங்கள். அடுப்புக்குப் பின்சுவரில் டைல்ஸுக்குப் பதிலாக அதை ஒட்டுவது இப்போது பரவிவருகிறது. தாளின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக்; தாளித்த எண்ணெய் பற்றிக்கொண்டால் அதுவும் சேர்ந்து எரியும்.

அளவெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தடி மேடைக்குக் கீழே இரண்டரையடி உயரம் என்றால் 25 சதுர அடிக் கதவு; நாலு அறை, எட்டுக் கதவு, பதினாறு கீல். பழைய குறுக்குச் சுவர் எதுவும் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. ஒவ்வொரு அறையையும் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுக்கவேண்டும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால், கதவைக் கோணலாக வெட்டவேண்டாம். சட்டத்துக்குப் பின்னால் சக்கை கொடுத்துச் சட்டத்தை நேராக்கிக்கொண்டு, இடைவெளியைச் சிலிகானால் அடைக்கலாம். சட்டத்தைச் சுவரிலும் தரையிலும் நைலான் பிளக் போட்டுப் பிடிக்கவேண்டும். கடப்பாப் பலகையின் விளிம்பில் துளை போட விடாதீர்கள். அந்தக் கல் ஏடு ஏடாகப் பிளக்கும்.

அலுமினியத்தில் ஸ்டீல் திருகு இறங்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் திருகைச் சுற்றி வெள்ளைமாவு பூக்கும். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருப்பதால் அலுமினியம் அரித்துப்போகிறது. நைலான் வாஷர் ஒன்று இடையில் வைத்தால் தீர்ந்தது. காசு கணக்கில் வராத சாமான், ஆனால் கேட்காவிட்டால் யாரும் போடமாட்டார்கள்.

கேஸ் சிலிண்டர் வைக்கும் அறைக்குக் கதவு போட்டால் அதன் அடிப்பகுதியில் ஆறு அங்குலமாவது ஜாலி இருக்கவேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். மேலே மட்டும் ஓட்டை வைத்த கதவால் பயனில்லை.

பழைய தேக்குக் கதவு அலமாரி சுவரில் பதிந்திருக்கும் வீடா? அதைக் கழற்றிக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, பாலிஷ் ஏற்றி, இரும்புக் கீலை எடுத்துவிட்டுப் பித்தளைக் கீல் மாட்டினால் ஷோரூம் சாமான் அதன் பக்கத்தில் நிற்காது.

மேடைக்கல்

கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கும், பாலிஷ் திரும்ப வராது. அதனால் மேடையை மாற்ற நினைப்பது நியாயம். மாற்று என்றால் கிரானைட், குவார்ட்ஸ், வெள்ளை 'நானோ' கல் மூன்றும்தான் பேச்சில் வரும்.

குவார்ட்ஸ் கல்தூளையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகை. கொதிக்கும் குக்கரையோ தோசைக்கல்லையோ நேராக இறக்கினால் பிசின் வெந்து தழும்பு விழும். ஜன்னல் வெயிலில் வருடக்கணக்கில் மஞ்சளடிக்கும். அம்மி, மஞ்சள், மீன்குழம்பு என்று புழங்கும் அடுக்களைக்கு ஒத்துவராது. நானோ வெள்ளை கறை ஏறாது. ஆனால் முனையில் பாத்திரம் பட்டால் சில்லு தெறிக்கும், அந்தச் சில்லை மறைக்க வழியில்லை.

கிரானைட் எதற்கும் அசையாது. கடைக்குப் போனதும் எல்லோரும் கைகாட்டுவது கன்னங்கறுப்பு. இங்கேதான் தயங்கச் சொல்கிறோம். உவர்த் தண்ணீர் புழங்கும் வீட்டில் கறுப்புப் பாலிஷ் கல் சிங்க்கைச் சுற்றி எப்போதும் வெள்ளைத் திட்டாக இருக்கும். காய்ந்த ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரியும். சாம்பலிலோ பழுப்பிலோ புள்ளி கலந்த கல் அதே கறையை மறைத்துவிடும். கறுப்புதான் வேண்டுமென்றால், பஞ்சில் அசிட்டோன் தொட்டுக் கல்லின் மூலையில் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். கிரானைட்டில் படிந்த உப்புத்திட்டை வினிகர் துணியால் எடுக்கலாம். அதே வினிகரைக் கடப்பாவில் தொடாதீர்கள்.

பழைய கடப்பாவை இடிக்காமல் அதன் மேலேயே கிரானைட் ஒட்டலாம். 18 மி.மீ. கல்லும் பசையும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும். பழைய மேடைகள் 30, 31 அங்குலத்தில் தாழ்வாக இருப்பதால் இது வசதிதான். நின்றால் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வருவது நல்ல உயரம். ஏற்கெனவே 34 அங்குலம் இருந்தால் மேலே ஒட்டவேண்டாம், கழற்றுங்கள். ஒட்டும்போது கடப்பாவின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப்பொடியால் இரண்டுமுறை தேய்த்துக் கழுவி, கிரைண்டரால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, கல் ஒட்டும் பசையால் ஒட்டவேண்டும். சிமெண்டுப்பால் வழவழப்பான கடப்பாவில் பிடிக்காது.

இன்னொன்று, கல் வெட்டும்போதே சொல்லிவிடவேண்டியது. கல் கதவுச் சட்டத்தைவிட ஒன்றரை அங்குலம் முன்னால் நீண்டிருக்கட்டும். அந்த நீட்டலின் அடியில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, கட்டரால் ஒரு கோடு நீளத்துக்கும் இழுக்கச் சொல்லுங்கள். மேடையில் வழியும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் சொட்டிவிடும், கதவுக்குள் ஓடாது. ஐந்து நிமிட வேலை. கல் பதித்த பிறகு செய்ய முடியாது.

சுவர் டைல்ஸ்

பழைய டைல்ஸ் உறுதியாக இருந்தால், அதாவது நாணயத்தால் தட்டும்போது எங்கும் பொள்ளல் ஓசை இல்லாவிட்டால், அதற்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம். மூட்டையில் 'டைல் மேல் டைல்' என்று போட்டிருக்கும் பசையை வாங்குங்கள். 20 கிலோ மூட்டை சுமார் 50 சதுர அடிக்கு வரும். சுவர் அரை அங்குலம் முன்னால் வரும் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லாவிட்டால் சுவிட்ச் பெட்டி குழிக்குள் போய்விடும், நீளத் திருகுக்குக் கடை கடையாக அலையவேண்டும்.

டைல்ஸ் நன்றாக இருந்து இடுக்கு மட்டும் கறுத்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். முதல் வழியில் இதைவிடப் பலன் தரும் வேலை இல்லை. பழைய இடுக்கைச் சுரண்டி 3 மி.மீ. ஆழமாவது எடுத்து, எபாக்ஸி கிரவுட் (பிசினில் செய்த இடுக்குக் கலவை) அடைக்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை அடி டைல்ஸில் 60 சதுர அடிக்கு ஒரு கிலோ போதும். நம் ஊர் வெக்கையில் கலவை அரைமணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். கால் கிலோ கால் கிலோவாகக் கலந்து, ஐந்தாறு டைல்ஸ் முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டே அடுத்ததற்குப் போகவேண்டும். விட்டுவிட்டால் டைல்ஸ் மேல் பிசின் படலமாக நிற்கும். வெள்ளை வேண்டாம், சாம்பல் எடுங்கள்.

டைல்ஸ் பெயிண்ட்? அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்னால் ஒரு வருடத்தில் உரியும். வாடகை வீட்டுக்கு மட்டும்.

மற்றவை

சிம்னியோ எக்ஸாஸ்டோ, வெளிவாய் எந்தத் திசை என்று பாருங்கள். மன்னார் வளைகுடாவைப் பார்த்த கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கச்சான் காற்று ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து அடித்துப் புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடை அதே வேலையைச் செய்யும். வெளிவாயைக் காற்றுக்கு மறைந்த சுவரில் வைத்து, தானாக மூடும் தகடு போட்ட மூடி மாட்டுங்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட 9 அங்குல எக்ஸாஸ்ட் மலிவு, துருவும் இல்லை.

குழாய்க்குக் குரோம் பூசிய மலிவுச் சாமான் வேண்டாம். பித்தளையோ, வெள்ளை பி.டி.எம்.டி. பிளாஸ்டிக்கோ உவர்நீருக்குத் தாங்கும். குழாய் வாயில் உள்ள சல்லடையைக் கையால் கழற்றும் வகை எடுத்தால் மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைக்கலாம். தட்டுக்கு அடியில் ஒட்டும் எல்.இ.டி. பட்டை சிலிகான் உறையோடு இருக்கட்டும்; உறையில்லாத பட்டையில் செம்பு பச்சை பூத்து அங்கங்கே அணைந்துவிடும்.

கடைசியாக, கதவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் அவர் போடப்போகும் கீல் ஒன்றும் திருகு நாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கல்லுப்புப் போட்டு, இரவு ஊறவைத்து, பகலில் ஜன்னலில் வைத்துக் காயவிடுங்கள். ஒரு வாரம் இப்படியே. கீலின் உடல் பளபளவென்றே இருக்கும், ரிவிட்டும் ஸ்பிரிங்கும்தான் காட்டிக்கொடுக்கும். அங்கே செம்பழுப்பு தெரிந்தால், பதினாறையும் வேறு கடையில் வாங்கி நீங்களே கையில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள்.